டைல்ஸ் தரைக்கு ஏற்ற மெஷின்

மார்ச் 3, செவ்வாய்

காலையில்தான் பெருக்கினேன். மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் பாதமெல்லாம் மறுபடி மாவு மாதிரி வெள்ளைத் தூசி. படுக்கையறையில் விரித்த சின்னக் கம்பளத்தைத் தவிர இந்த வீடு முழுக்க டைல்ஸ். துடைப்பம் பட்டதும் தூசி எழுந்து ஒரு சுற்று சுற்றி, சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மகளுக்கு இருமல், மூன்றாவது வாரம். பள்ளியில் ‘லொக்கு’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வேக்குவம் கிளீனர் வாங்கியே ஆகவேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னதும், “வாங்கிரலாம், உன் புலம்பல் தாங்கல” என்றார். சொல்லிவிட்டு அவரும் இருமினார்.

மார்ச் 7, சனி

கடையில் விற்கிற பெண் பொறுமைசாலி. தரையில் உப்பைக் கொட்டி ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். கம்பளத்துக்கான முரட்டு பிரஷ் உப்பை நாலாபக்கமும் தெறிக்கவிட்டது. “டைல்ஸுக்கு இது ஆகாது மேடம். மெத்துனு ரோலர் இருக்கிறதா எடுங்க. சக்கரமும் ரப்பரா இருந்தா கோடு விழாது.”

பிறகு அவரைப் பார்த்து, “வீட்ல என்ன மாதிரி தூசி சார்?” என்றாள்.

“தூசின்னா தூசிதான். அதுல என்ன மாதிரி?”

வெடுக்கென்று சொன்னார். அந்தப் பெண் அவர் சட்டைக் காலரையே பார்த்தாள். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். சமையல் மேடைக்குக் கல் அறுக்கிற வேலை. புருவம்கூட வெள்ளை. தூசிப் பை வைத்து மூடிய, பொடித் தூசியையும் பிடிக்கிற ஃபில்டர் உள்ள ஒன்றைக் காட்டினாள். “அவ்வளவு கனம் எதுக்கு?” என்று இவர் லேசான ஒன்றை எடுத்துவிட்டார். ரோலர் மெத்தென்றுதான் இருக்கிறது. நானும் சரி என்றுவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

மெஷின் நன்றாகத்தான் இழுக்கிறது. மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக விழுந்தபோதுதான் பார்த்தேன். அதன் பின்பக்கத்திலிருந்து புகை மாதிரி ஏதோ வந்துகொண்டிருந்தது. நிறுத்திவிட்டு டப்பாவைத் திறந்தேன். முடி, நூல், பென்சில் சீவல். வெள்ளையைக் காணோம்.

அப்படியானால் வெள்ளை எங்கே?

ஓடிப்போய் மகளின் அறைக்கதவைச் சாத்தினேன்.

மார்ச் 14, சனி

இரண்டு பொட்டலம் மடித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். ஒன்று சோபாவுக்கு அடியில் எடுத்தது. இன்னொன்று அவர் சட்டைப்பையை உதறியது. அந்தப் பெண் விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான் மேடம். இவ்வளவு மெல்லிசா இருந்தா இந்த மெஷின் முன்னாடி இழுத்துப் பின்னாடி விட்டுரும். சார் கல்லு அறுக்கிறாரா?”

தலையாட்டினேன்.

“எங்க சித்தப்பாவும் அதே வேலைதான் பார்த்தாரு.”

பார்த்தாரு என்றாள். பார்க்கிறாரு என்று சொல்லவில்லை.

“மெஷினை எப்ப வேணா மாத்திக்கலாம். முதல்ல சாரை ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.”

மார்ச் 15, ஞாயிறு

சொன்னேன். பெரிய சண்டை. “பதினோரு வருஷமா அறுக்கிறேன், எனக்கென்ன ஆச்சு? கடைக்காரப் பொண்ணு எப்ப டாக்டரானா?”

தூசி பறக்காமலிருக்க அறுக்கும்போது தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டேன். தண்ணீர் விட்டால் சேறாகி வேலை ஓடாதாம். முதலாளி குழாயையே கழட்டிவிட்டாராம். முகமூடி? வேர்க்குமாம். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் என்ன தப்பா கேட்டுட்டேன்? இந்த மனுஷன் நல்லா இருக்கணும்னுதானே —

மார்ச் 19, வியாழன்

படியேறும்போது அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

அவராகவே, “வா, போய்ட்டு வந்துரலாம்” என்றார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எத்தனை வருஷம்?” “பதினொண்ணு.” “நுரையீரல்ல கல்தூசி படிஞ்சிருக்கு. நாளையிலேர்ந்து வேலைக்குப் போகாதீங்க.”

“சரியாயிடுமா டாக்டர்?” நான்தான் கேட்டேன்.

“ஆனது ஆனதுதான்மா. மேல ஆகாமப் பார்க்கலாம். அதுவும் முயற்சிதான்.”

மகளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவள் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. வேலை உடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது, காய்ந்த துடைப்பம் கூடாது, ஈரத்துணிதான் என்றார்.

திரும்பி வந்ததும் அவர் வாசலில் நின்றார். போட்டிருந்தது துவைத்த சட்டைதான். அதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: “உள்ள வரலாமா?”

ஏப்ரல் 30, வியாழன்

மெஷினை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கனம்தான். மகளுக்கு இருமல் விட்டுவிட்டது. அவர் ஜன்னலோர நாற்காலியில் பாதி வாக்கியம் பேசுகிறார்; மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைப் பேசுகிறார்.

இன்று அவரோடு பட்டறையில் வேலை பார்த்தவரின் மனைவி போன் செய்தாள்.

“அக்கா, நீங்க எந்த மெஷின் வாங்கினீங்க? எங்க வீட்லயும் முழுக்க டைல்ஸ். எவ்வளவு பெருக்கினாலும் வெள்ளையாவே இருக்கு.”

“மெஷின் கிடக்கட்டும்மா. உன் வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?”

“குளிக்கிறாரு. இருங்க, கூப்பிடறேன்.”

அவள் போனைக் கீழே வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் அவள் வீட்டுக்காரர் இருமுவதும்.