முட்டைக்கோசும் அட்டைச் சோப்பும்

ஜூன் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இல்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் எங்கள் பாத்தியில் முட்டைக்கோசு இலைக்கு அடியெல்லாம் சாம்பல் நிறப் பூச்சி. தேயிலைத் தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “ஞாயித்துக்கெழமைக்குள்ள சுத்தம் பண்ணுங்க டீச்சர். இல்லாட்டி புடுங்கிட்டு தேயிலக் கன்னு வச்சிருவோம். தொர பங்களா காய்கறித் தோட்டத்துக்குப் பரவிருமாம்.”

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் எங்களுக்கென்று கிடைத்த முதல் மண். விடமாட்டேன்.

ஜூன் 5, செவ்வாய்

விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. மண்ணெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கடைந்து தெளித்தால் பூச்சி சாகும். வெறும் மண்ணெண்ணெய் பட்டால் இலை கருகும். சோப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய். எண்ணெய்த் துளியைச் சுற்றி வால் உள்ளே, தலை வெளியே, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டில் ஆள் நிற்கிற மாதிரி நெருக்கி நிற்குமாம். அப்படி நின்றால் துளிகள் ஒன்று சேராது.

கதவோரத் தகர டப்பாவிலிருந்த சோப்பை எடுத்துக் காய்ச்சி, வாசலுக்குக் கொண்டுபோய் எண்ணெய் ஊற்றி, மத்தால் கடைந்தேன். தோள் விட்டுப்போயிற்று. கொஞ்ச நேரம் வெள்ளை. பிறகு மேலே எண்ணெய், நடுவே திப்பி திப்பியாக ஏதோ.

ஃபாக்டரியிலிருந்து வந்த இவர்: “என்னா டீச்சரம்மா, மோரு கடையிறீங்களா? ஒரு டம்ளர் தாங்களேன்!”

சோறு மட்டும் போட்டேன்.

ஜூன் 6, புதன்

மறுபடி கடைந்தேன். மறுபடி திப்பி. புத்தகம் பொய்யா, என் கை பொய்யா? அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கொழுந்து பறித்துவிட்டு நாத்தனார் லெச்சுமி வந்தாள். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம்.

“அண்ணி, கால்ல தேய்க்கிற சோப்பு எங்க? இந்தத் தகரத்துலதான வச்சிருந்தேன்?”

“எந்தச் சோப்பு?”

“அட்டைக்கு வச்சிருந்தது. சுண்ணாம்பும் உப்பும் போட்டு இடிச்சு வச்சேனே.”

அடி ஆத்தீ! தலையில் அடித்துக்கொண்டேன். அவள் மலங்க மலங்க விழித்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு. சுண்ணாம்பு சோப்பின் தலைகளை இரண்டிரண்டாகப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறது; அதுதான் அந்தத் திப்பி. எண்ணெயோரம் போய் நிற்க ஆளே இல்லை. பிறகு பெரட்டு எங்கே?

அவள் காலுக்கு மருந்து போட்டேன். பாவம், இன்று முழுக்கச் சோப்பில்லாமல் மலையேறியிருக்கிறாள்.

ஜூன் 7, வியாழன்

நானா மளிகைக் கடையில் புது பார் சோப் வாங்கினேன். சீவி, மழைத்தண்ணீரில் காய்ச்சி, எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கடைந்தேன். இந்தத் தடவை இவரும் மத்துப் பிடித்தார், வாயை மூடிக்கொண்டு. பால்! கெட்டிப் பால். கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறேன்.

ஜூன் 8, வெள்ளி

விடிந்தும் எண்ணெய் பிரியவில்லை. மழை விட்டது. நிறையத் தண்ணீர் கலந்து ஒரே ஒரு கோசுக்குத் தெளித்தேன். அவசரப்படக் கூடாது.

ஜூன் 9, சனி

இலை கருகவில்லை. பூச்சி சுருண்டு கிடக்கிறது. பூவாளியால் பாத்தி முழுக்க, இலையைத் தூக்கி அடியிலும் தெளித்தேன். முதுகு முறிந்தது. சந்தோஷம்.

ஜூன் 10, ஞாயிறு

மூடுபனி. கண்டாக்கையா வந்தார். இலையைப் புரட்டிப் பார்த்தார். இன்னொன்றையும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு: “டீச்சர்... தொர தோட்டத்துலயும் பூச்சி. அங்கதான் மொதல்ல வந்துச்சு போல. அந்தப் பால கொஞ்சம்...”

எனக்கு வந்த கோபம்!

“பாத்தி எங்களுக்குத்தான்னு தொர சொல்லட்டுங்க ஐயா. அப்பறம் கடையிறேன்.”

விறுவிறுவென்று பங்களாப் பக்கம் போனார். லெச்சுமிக்குப் பயம். “என்னாங்கண்ணி இப்புடி பேசிட்டீங்க?”

“கோசு தொரைக்கும் வேணும்ல?”

நாலு மணிக்குப் பங்களா ஆள் வந்து ஒரு பார் சோப்பை நீட்டினான். “பாத்திய நீங்களே வச்சிக்கிறதாம். தொர சொல்லச் சொன்னாரு.”

வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தேன். சுண்ணாம்பு இல்லை.