கடல் மணக்கும் பாட்டில்

கல்கத்தா,
9.12.1982

அன்புள்ள அப்பாவுக்கு,

தமயந்தி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் சுகம். லேக் மார்க்கெட்டில் நம் ஊர்க் காப்பித்தூள் கிடைப்பதால் காலைப்பொழுது பரவாயில்லை.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டிருந்தீர்கள். ஆலைப் புகையிலும் நம் மூச்சிலும் வரும் கரியமில வாயுவைக் கரையோரக் கடல் எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்று பார்க்கிறோம். கங்கை கடலில் விழும் இடத்துக்குப் படகில் போய்த் தண்ணீர் எடுப்போம். பாட்டிலை வழிய வழிய நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். காற்றுப் பட்டால் கணக்குத் தப்பிவிடும்.

போன வாரம் ஒரு வேடிக்கை. லேபில் யாருமில்லை என்று ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டேன். தூத்துக்குடிக் கடற்கரையில் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும்போது அடிக்குமே, அதே வாசம். அந்த நேரம் பார்த்து புரொபசர் உள்ளே வந்தார். திட்டவில்லை, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அந்தத் தண்ணீர் இனி உதவாது. மறுபடி எடுக்கப் படகு பொங்கல் வாரத்தில்தான் போகிறது. பொங்கலுக்கு நான் வர முடியாது என்பதை அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

சிவலிங்கம் மாமா இங்கே வரும்போது கருப்பட்டியும், போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

உங்கள்
தமயந்தி

மறந்துவிட்டேன். ஒரு பாட்டிலில் நம் கடல் தண்ணீரும் அனுப்புங்கள். அளப்பதற்கு இல்லை அப்பா, அதனால் நிரப்ப வேண்டாம். பாதி போதும். மீதியில் அங்குள்ள காற்று இருக்கட்டும்.