கேமராவின் மேல் பிளாஸ்திரி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலம்தானே? இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. மின்னஞ்சலில் எழுதவே பயமாக இருக்கிறது. யாரோ என் கணினிக்குள் புகுந்திருக்கிறார்கள். நேற்று மத்தியானம் மருத்துவமனைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கேமரா விளக்கு தானாக எரிந்தது. நோயாளிகளின் அந்தரங்கமெல்லாம் அதில்தானே இருக்கிறது! உடனே கேமராவின் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன்.

மாடியில் குடியிருக்கும் நர்ஸுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். இப்போதெல்லாம் அவள் சிரிப்பே சரியில்லை. கணினியைப் பொருத்திக் கொடுத்தவன் நீ, வழி சொல்.

உன் அக்கா

மார்ச் 17

பிரியமுள்ள அக்காவுக்கு,

பதறாதே. வைஃபை பாஸ்வேர்டை மாற்று. நர்ஸிடம் கொஞ்சம் தள்ளியே இரு, யாரையும் நம்ப முடியாது. கடையில் மட்டும் கொடுத்துவிடாதே, அவர்களே வைரஸை ஏற்றிவிடுவார்கள். அப்புறம், பிளாஸ்திரியை எடுத்துவிடு. பசை கேமராவைக் கெடுத்துவிடும்.

உன் தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

பாஸ்வேர்டை மாற்றினேன். நர்ஸிடம் முகத்துக்கு நேராகவே கேட்டேன், "மூணாம் தேதி மத்தியானம் நீதான் என் கம்ப்யூட்டர நோண்டுனியா?" என்று. அவள் முகம் செத்துப்போனது. "நான் என்னக்கா பண்ணேன்? அன்னிக்கு மத்தியானம் வார்டுல இருந்தேன்" என்று டியூட்டி அட்டையைக் காட்டினாள். நான் நம்பவில்லை. மறுநாளே பிளாஸ்திரியின் ஓரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது.

நீ வேண்டாம் என்ற கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தூரத்திலிருந்தே கணினியைத் திறந்து பார்க்கிற மென்பொருளாம். "இது யாரோட மெயில் ஐடிக்கா?" என்று திரையைத் திருப்பினாள். உன்னுடையது.

அந்த நர்ஸ்மேல் பழி விழுந்தபோது எப்படியடா சும்மா இருந்தாய்?

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

அத்தான் தவறிய பிறகு நீ போனையே எடுப்பதில்லை. எடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். உன் முகத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் கேமராவைத் திறந்தேன், இரண்டு தடவையும் இரண்டே நிமிஷம். உன் வேலைக் குறிப்புகளைத் தொடவில்லை, சத்தியம். உன் முதல் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. அந்த நர்ஸிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 24

தம்பிக்கு,

யாரிடம் கேட்பாய்? மாடி காலி. சாவியைக்கூட என் கையில் கொடுக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மருத்துவமனையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை. நீ எதையும் படிக்கவில்லை என்று நம்பத்தான் ஆசை. ஆனால் உன் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கிறேன்.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. அந்த மத்தியானம் தட்டச்சின் நடுவே நான் அழுதுகொண்டிருந்தேன். அதைப் பார்த்தாய் அல்லவா? பார்த்த பிறகும் ஏன் ஒரு போன் பண்ணவில்லை?

அக்கா