அவரைப் பந்தலில் சிவப்புத் துணி

இன்று காலை நம் மகன் கொல்லையில் ஒரு தகர டப்பாவைத் திறந்தான். அந்தப் பூச்சிப் பொடியின் வாசனை அடுப்படி வரை வந்தது. ஈரக் கோணி மக்கியது போன்ற அதே வாசனை. அரிசி களைந்துகொண்டிருந்த என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் தொட்டிலில் கிடந்த காலத்தில் கடைசியாக வந்த வாசனை அது.

அந்த வருஷமும் மார்கழிதான். மாரிகுப்பத்தில் சுரங்கக் கம்பெனி கொடுத்த இதே லைன் வீட்டின் பின்னால் நீங்கள் போட்ட அவரைப் பந்தலில் பூவெல்லாம் செடிப்பேன் பிடித்துவிட்டது. பஜாரில் பொடி வாங்கி வந்தீர்கள். பந்தல் நிழலில்தான் ஜிம்மி படுத்திருக்கும். "நாயைக் கட்டிப் போட்டுடலாமாங்க?" என்று கேட்டேன்.

"சயனைடு மேட்டுல புரண்டுட்டு வர்ற நாய்மே இது. இந்தப் பொடி அத இன்னா பண்ணும்?" என்று சிரித்தீர்கள்.

நானும் சிரித்தேன். தங்கம் எடுத்த பிறகு கொட்டுகிற அந்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே பிள்ளை பெற்று வளர்க்கிறவர்கள் நாம். நமக்கு ஒரு டப்பாப் பொடி எம்மாத்திரம்?

இத்தனைக்கும் சுரங்கத்தில் வெடி வைக்கிறவர் நீங்கள். வழியை மறித்துச் சிவப்புத் துணி கட்டாமல் திரி கொளுத்த மாட்டீர்களாம். வெடித்த பிறகும் ஒருவரையும் உள்ளே விட மாட்டீர்களாம். மேஸ்திரி கத்தினாலும் "புகை அடங்கட்டும்" என்பதுதான் பதில். உங்கள் ஷிப்டு ஆட்கள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஜாக்கிரதையெல்லாம் உங்களோடு கேஜ் கூண்டில் ஏறி மேலே வராது போலிருக்கிறது.

மறுநாள் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியபோது ஜிம்மி உங்களை அழைத்துவரச் சுரங்க கேட்டுக்குப் போகவில்லை. வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வேலை உடுப்போடு அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். வெறுங்கையோடு திரும்பி வந்து, கம்பவுண்டர் சொன்னதை மட்டும் சொன்னீர்கள்.

"கால்ல ஒட்டிக்கின பொடிய நக்கிக்கினே இருந்துக்குதாம். உடனே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தா பொழச்சிருக்குமாம்."

எங்கே புதைத்தீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல ஷிப்டுக்குப் போனீர்கள்.

அதற்கப்புறம் இந்த வீட்டுக்குள் பொடி வரவில்லை. அடுப்புச் சாம்பல்தான். ஆனால் வெறும் சாம்பலைத் தூவினாலும் பந்தல் காலில் சிவப்புத் துணி கட்டினீர்கள். "இன்னா அண்ணே, சாம்பலும் வெடிக்குமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்வார். உங்களுக்குச் சிரிப்பு வராது. எனக்கும் அந்தத் துணியைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அது எதற்கென்று மகனுக்கு நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதிப் பந்தல் பொடி படிந்து வெளுத்துக் கிடந்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டு பக்கத்திலிருந்து அவன் போன வாரம் தூக்கி வந்த நாய்க்குட்டி, கீழே மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது. "குட்டியைப் பிடிடா!" என்று கத்தினேன்.

"சயனைடு மேட்லயே ஓடற குட்டிமா. இதுக்கு இன்னா ஆவும்?" என்றான்.

அதே பேச்சு. அதே சிரிப்பு. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவனுக்கு?

குட்டி நக்குவதற்குள் பிடித்து, நாலு காலையும் வயிற்றையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிக்கொண்டே ஜிம்மியைப் பற்றிச் சொன்னேன். அவன் டப்பாவை மூடினான். டிரங்குப் பெட்டியிலிருந்து உங்கள் சிவப்புத் துணியை எடுத்துப் பந்தல் காலில் கட்டினேன். நீங்கள் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஊரே பேசியது. இப்போதும் வரவில்லை. மரத்துப்போன உடம்பில் கை மட்டும் வேலை செய்கிறது.

குட்டியை அடுப்படி வாசலில் கட்டியிருக்கிறேன். நடுங்குகிறது. ஈரத்தில், குளிரில் நடுங்குகிறது என்றுதான் நினைக்கிறேன். துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். வாயில் நுரை இல்லை.

மகன் ஷிப்டுக்குக் கிளம்பி நிற்கிறான். "துணிய எப்பமா அவுக்கறது?" என்று கேட்கிறான்.

"புகை அடங்கட்டும்டா" என்றேன்.