ஐஸில் வைத்த இரத்தம்

8.8.1961, செவ்வாய்

உடம்பு அசந்தும் தூக்கம் வரவில்லை. பேதியில் துவண்டு கிடக்கும் மாரியாயியின் இரத்தத்தை இந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் எடுத்து, கெடாமல் இருக்கட்டும் என்று துரை பங்களா ஐஸில் புதைத்துக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது டிஸ்பென்சரான நான்தான். பொட்டாசியம் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்ததும் அது நிறைந்த இளநீரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தினேன். மூன்றே நாளில் அவளுக்குக் காலைத் தூக்கவும் முடியவில்லை.

இன்று கண்டி டாக்டர் போனில் சொன்னார், ஐஸில் வைத்ததால் இரத்த அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்துதான் அப்படிக் காட்டியதாம். உண்மையில் பேதியில் அது குறைந்துதான் இருக்குமாம், கால் தளர்ந்ததும் அதனால்தானாம். இளநீர் கொடுத்து, மறுபடி ஐஸ் இல்லாமல் இரத்தம் அனுப்பச் சொன்னார்.

கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவள் புருஷனிடம், “முந்தின ரிப்போர்ட்டு தப்பு” என்றேன்.

“அப்ப அது யாரு ரத்தமுங்கய்யா?”

“அவளோடதுதான். வழியில கெட்டுப்போச்சு.”

அவனே அவள் கையைப் பிடித்து நீட்டினான். “இந்த வாட்டியாவது ஐஸு நெறையா போட்டு அனுப்புங்கய்யா.”

சரி என்றேன்.