கை படாத தயிர்ச்சோறு

அக்கா, இன்று மதியம் புதிதாக வேலைக்கு வந்த பெண் பின்னறை அலமாரியைக் குடைந்து ஓர் எவர்சில்வர் ஸ்பூனை எடுத்தாள். "இது யாருதுக்கா?" என்று கேட்டாள். நான் டப்பாவை மூடி வைத்தேன்.

தி.நகரில் இந்தக் கடையில் நாம் புடவை விற்கும் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம். இதே பின்னறையில் பேப்பர் விரித்து ஐந்து பேரும் சாப்பிடுவோம். கடைசியில் எல்லா டப்பாவின் தயிர்ச்சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, ஆளுக்கோர் உருண்டை உள்ளங்கையில் வைப்பாய். அதைத் தின்னாமல் யாரும் எழுந்ததில்லை.

உன் மணிக்கட்டில் செதில் செதிலாய் ஆறாத புண் ஒன்று இருந்தது. தோல் புற்றுநோய், மேலாகத்தான் இருக்கிறது, க்ரீம் போதும் என்றார்கள். தடவிய இடம் சிவந்து, பொருக்குக் கட்டி, ஆறியது. நோயும் போனது. ஆனால் அந்த இடம் வெளுத்தது. பிறகு விரல்கள், கழுத்து.

"இந்த மருந்து ஒடம்புல கீற காவல எழுப்பி வுட்டுச்சாம்மே. அது நோயத் தொரத்துனதோட வுடாம, கலரையும் தொரத்திக்கினு கீது. யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு," என்றாய். முதலில் தலையாட்டியவள் நான்தான்.

மறுநாள் நீ உருண்டையை நீட்டியபோது, "இன்னிக்கு விரதம்க்கா" என்றேன். பாதி டப்பாவைக் காலி செய்துவிட்டுச் சொன்ன விரதம். நீ என் டப்பாவைப் பார்த்தாய், உருண்டையை உன் டப்பாவிலேயே வைத்துக்கொண்டாய். அதற்கடுத்த நாள் வயிறு சரியில்லை என்றேன். என்னைப் பார்த்து மற்ற மூவரும் கையை மடக்கிக்கொண்டார்கள். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷியா.

அடுத்த திங்கட்கிழமைதான் நீ வீட்டிலிருந்து ஸ்பூன் கொண்டுவந்தாய். அதாலேயே கிளறி, அதாலேயே அள்ளினாய். "இந்தா, கை படல. துன்னு," என்று சிரித்தாய். நான் வாங்கித் தின்றேன் அக்கா. வேண்டாம் என்று சொன்னதைவிட, அப்படி வாங்கித் தின்றதுதான் இன்றும் கூசுகிறது.

பொங்கல் லீவில் மாரடைப்பு வந்து போய்விட்டாய். உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் உன் வெளுத்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உங்க மேலதான் சித்தி, அம்மாவுக்கு உசுரு," என்றாள் உன் மகள். பிடித்த கையை விடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. உயிரோடு இருந்தபோது உருண்டையோடு நீட்டி, நான் வாங்க மறுத்த கை அது.

புதுப்பெண் இன்னும் ஸ்பூனோடு நின்றாள். "யாருதும் இல்லன்னா நான் வெச்சிக்கட்டா?"

"எனக்காகக் கொண்டாந்தது," என்று சொல்லி வாங்கி என் டப்பாப் பையில் போட்டுக்கொண்டேன்.