செல்லாயியின் பால்

18 யூலை 1956, புதன்

மாதர் சங்கத்துக்காகத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குப் போகத் தொடங்கியபின் இப்படி மனம் குழம்பியதில்லை. கொழுந்தெடுக்கும் செல்லாயியின் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம்; தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்காதே என்று போன கிழமை அவளைக் கண்டித்திருந்தேன். அவளும், வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் சொல்லிச் சீனித்தண்ணீரை நிறுத்திவிட்டாள். ஆனால் கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து பாலூட்ட இறங்கிவரக் கங்காணி இன்று விடவில்லை. நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போனபோது குழந்தை அழுதழுது தொண்டை கட்டிக் கிடந்தது.

"பால் கட்டி வலி தாங்கல டீச்சரம்மா. தேயிலைத் தூருலயே பீச்சி விட்டுட்டேன்."

வேலை விட்டு ஓடிவந்த செல்லாயிக்கு என்மேல் கோபமில்லை.

"நாளைக்கு என்னாங்க குடுக்கச் சொல்லட்டும்?" என்றுதான் கேட்டாள்.

"சீனித்தண்ணீர்" என்றேன். அவள் சரியென்று தலையாட்டினாள், போன கிழமை ஆட்டியது போலவே.